துரையின் ஆல்பமும் தள்ளி வைத்த கப்பும்

1. மேஜைமேல் வந்த பொருள்

எங்கள் ஃபேக்டரியின் டேஸ்டிங் அறையில் உள்ள மேஜைமேல் தேயிலைக் கப்பைத் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது. கைப்பேசி கூடாது. சென்ட் போட்ட கை கூடாது. காலையில் நெத்திலி சம்பல் சாப்பிட்ட வாயோடு வாசலைத் தாண்டவே கூடாது. இந்தச் சட்டத்தையெல்லாம் போட்டவர் எங்கள் மேனேஜர். காகிதத்தில்தான் மேனேஜர், எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைனில் இன்னமும் அவர் வெள்ளைக்காரன் காலத்துத் துரைதான். கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்த நம் தமிழ்ப் பையன், வயது நாற்பதைத் தொடவில்லை. துரை என்று கூப்பிட்டால் கூச்சப்படுவது போல முகத்தை வைத்துக்கொள்வார். கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அந்தத் துரையே ஒரு திங்கட்கிழமை காலை உள்ளே வந்து, வரிசையாக ஆவி பறந்துகொண்டிருந்த கப்புகளுக்கு நடுவே ஒரு பென் டிரைவை வைத்தார்.

"ரோசக்கா, இது என்னோட ரோக் ஆல்பம். எட்டுப் பாட்டு. கேட்டுட்டு வெள்ளிக்கிழம ஒப்பீனியன் சொல்லுங்க. ஒங்களுக்கு ரோக் மியூசிக் அத்துப்படின்னு எல்லாரும் சொல்றாங்களே."

"தொர பாடுவீங்களா?"

"பாடுவேன், கித்தார் வாசிப்பேன், பாட்டு எழுதுவேன். முக்காவாசி எல்லாம் நான்தான் லா."

எல்லாம் நான்தான் என்று ஒருவர் சொல்லும் ஆல்பங்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. அதை அன்று விழுங்கினேன். டேஸ்டிங் அறையில் எதையும் விழுங்காமல் துப்புவதுதான் முறை. ஆனாலும் விழுங்கினேன்.

காரணம் எளிது. அடுத்த மாதம் எனக்கு அறுபது முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் வேலையை நீட்டிக் கொடுங்கள் என்று எழுதிக் கேட்டிருந்தேன். துரை ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். போடாவிட்டால் வேலை மட்டுமல்ல, லைன் வீடும் போய்விடும். என் வீட்டுக்காரர் சேவியர் இதே ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். மிஷின் மக்கர் பண்ணினால் மட்டும் கூப்பிடுவார்கள். ஆகவே வீடு இப்போது என் வேலையை நம்பித்தான் நிற்கிறது.

வீடு போனால் மலைக்குக் கீழே ஈப்போவில் மகன் வீடு. பதினோராவது மாடி, கொதிக்கிற வெயில். மருமகள் தங்கமான பெண்தான். ஆனால் காலை முதல் மாலை வரை தண்ணீர் சொட்டும் சத்தத்தோடு புல்லாங்குழல் வைப்பாள், மனசு அமைதியாகுமாம். எனக்கு அதைக் கேட்டால் பாத்ரூம்தான் வரும். சேவியர் லைனுக்குப் பின்னால் தக்காளியும் பீன்ஸும் போட்டு வைத்திருக்கிறார். அந்த மனிதரைப் பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியோடு உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், பயந்துபோயிருந்தேன்.

2. எனக்கு ஏன் இந்தப் பெயர்

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள், "லைன்ல இருக்குற அக்காவுக்கு ரோக் எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார்கள். கர்நாடக சங்கீதம் எப்படித் தெரியும் என்று கேட்டால்தான் பிள்ளைகளே நான் யோசிக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் பக்கத்து டவுனான தானா ராத்தாவில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தேன். ஆட்கள் வெற்றுக் கேசட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், நாங்கள் பாட்டைப் பதிந்து கொடுப்போம். டேப் சுற்றிக்கொள்கிறதா என்று பார்க்க ஒருத்தி முழுசாக உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த ஒருத்தி நான். மற்றப் பெண்கள் காதல் பாட்டுக் கேசட்டை எடுத்துக்கொண்டு, இரைச்சல் கேசட்டையெல்லாம் என் பக்கம் தள்ளினார்கள். அப்படித்தான் என் தலையெழுத்து ரோக் என்று ஆனது.

கேட்டுக் கேட்டு எனக்கென்று சில முடிவுகள் உண்டாயின. முதல் ஆல்பம் பசியோடு இருக்கும் பையன்கள் செய்வது, அதனால் ருசிக்கும். இரண்டாவது ஹோட்டல் அறையில் எழுதியது. எல்லாப் பாட்டிலும் ஜன்னலும் தனிமையும் வரும். மூன்றாவதில் வயலின்காரர்கள் முப்பது பேர் வந்து உட்காருவார்கள். பையன்களுக்கு ஞானம் பிறந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பாடகர் தனியாகப் பிரிந்து கடலைப் பற்றி ஒரு ஆல்பம் போடுவார். அதை யாருமே வாங்கியதில்லை, பதிந்து கொடுக்கச் சொல்லிக்கூடக் கேட்டதில்லை.

லைவ் ஆல்பம் என்றால் பாதி கைதட்டல். காசு கொடுத்துக் கைதட்டலை வாங்குகிறவர்களுக்கு என் வணக்கம். ரீமாஸ்டர் என்பது பழைய தூள், புது டின். டபுள் ஆல்பம் என்பது ஒரு ஆல்பத்துக்கான சரக்கும் இன்னொரு ஆல்பத்துக்கான திமிரும். அது ஒரு கேசட்டில் அடங்காது. எதை வெட்டுவது என்று முதலாளி என்னிடம் விட்டுவிட்டார். நான் எட்டுப் பத்துப் பாட்டை யோசிக்காமல் வெட்டினேன். ஒருவர்கூடத் திரும்பி வந்து, என் பாட்டு எங்கே என்று கேட்டதில்லை. அந்தக் கோஷ்டிகளுக்கு நான் செய்த உதவி அவர்களுக்குத் தெரியாது.

நம் ஊர் மலாய்ப் பையன்களின் ரோக் கப்பாக் கோஷ்டிகளை மட்டும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இடுப்புவரை முடி, மூச்சு விட முடியாத ஜீன்ஸ், காதலி போய்விட்டாள் என்று அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். கத்தினாலும் அழுதாலும் அதில் பொய் கிடையாது. இன்றைக்கும் அவர்கள் பாட்டு ஓடினால் என் கையில் இருக்கும் கெட்டில் நடுங்கும்.

இப்போது எங்கள் எஸ்டேட் டீக்கடைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பாதிப் பேர் ஏதாவது ஒரு ரோக் கோஷ்டியின் டீ ஷர்ட் போட்டிருக்கிறார்கள். ஆசையாக ஒரு பிள்ளையிடம், "எந்தப் பாட்டும்மா ஒனக்குப் புடிக்கும்?" என்று கேட்டேன். "ஆன்ட்டி, இது சட்டை பிராண்டு" என்றது. நான் அது கேட்ட ஸ்கோன் பன்னை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

3. தள்ளி வைக்கும் கப்

கல்யாணமாகி எஸ்டேட்டுக்கு வந்ததும் டேஸ்டிங் அறையில் போட்டார்கள். அன்றன்றைக்கு ஃபேக்டரியில் இறங்கும் தூளைக் கப்பில் ஊற்றி, கரண்டியில் எடுத்து, விசில் மாதிரி உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்ப வேண்டும். பிறகு சொல்ல வேண்டும்: இது பிரிஸ்க், அதாவது சுறுசுறுப்பு, இது ஃபிளாட், அதாவது சப்பை, இதில் பாடி, அதாவது கனம், இருக்கிறது, இது அதிக நேரம் புளித்தது, இது ட்ரையரில் தீய்ந்தது.

அந்த அறைக்கென்று ஒரு பழக்கம் உண்டு. வரிசையில் எல்லாமே நன்றாக இருந்தாலும், இருப்பதில் கொஞ்சம் மட்டமான ஒரு கப்பை விரலால் முன்னே தள்ளி வைப்போம். வாங்க வந்திருப்பவர் எதிரில் எல்லாமே நல்லா இருக்கு என்று சொல்லிப் பாருங்கள். இவளுக்கு நாக்கு செத்துப்போச்சு என்று நினைப்பார். ஒன்றைத் தள்ளி வைத்து, இது சரியில்ல என்று சொல்லுங்கள். மீதி எல்லாவற்றுக்கும் உடனே மரியாதை வந்துவிடும். எத்தனையோ வருடம் இந்த விரல் தள்ளித் தள்ளி, இப்போது சாப்பாட்டுத் தட்டில்கூட ஒரு பீன்ஸை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிடுகிறேன்.

4. மிஸ்ட் அன்ட் மீ

ஆல்பத்தின் பெயர் இதுதான். முன்னே பனி, பின்னே துரை.

திங்கள் சாயந்திரம் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டு, 'ஓ பேபி' என்று ஆரம்பித்தது. இரண்டாவதும் பேபிதான். மூன்றாவது பாட்டு நடுவே கித்தார் சோலோ. நான் எழுந்து போய் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு, துணியை மடித்துவிட்டு வந்தேன். சோலோ முடியவில்லை. நான்காவதில் தொழிலாளர் துயரம் பாடினார். போன மாதம் எங்கள் டீ பிரேக்கைக் குறைத்தவரே பாடியதால் உருக்கமாக இருந்தது. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி கீபோர்ட் வாசித்திருந்தார். ஒவ்வொரு பாட்டிலும் கல்யாண மண்டபத்தில் பெண் அழைப்புக்கு வாசிப்பது மாதிரியே வாசித்திருந்தார். ட்ரம் யாரோ. இருந்தது.

சேவியர் பொதுவாக என் பாட்டு ஆரம்பித்தால் தோட்டத்துக்குப் போய்விடுவார். அன்று போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். பசி என்று நினைத்தேன்.

"தொர பாட்டா?" என்றார்.

"ஆமா."

"நல்லாருக்கா?"

"வெள்ளிக்கிழம சொல்றேன்."

இந்த மனிதரிடம் சொன்னால் ஃபேக்டரிக்கே தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் எழுந்து, "சர்ச் கூரை வேலைக்குப் போய்ட்டு வாறேன்" என்று கிளம்பினார். மூன்று மாதமாக அந்தக் கூரை வேலை முடியவில்லை. இவ்வளவு ஓட்டையுள்ள கூரைக்குக் கீழே இத்தனை வருடம் நனையாமல் ஜெபம் செய்ததே பெரிய அற்புதம்தான் என்று எண்ணிக்கொண்டேன். வயசான காலத்தில் பக்தி வந்திருக்கிறதே என்று லைனில் நான்கு பேரிடம் பெருமையாகவும் சொல்லி வைத்திருந்தேன்.

5. வெள்ளிக்கிழமை

காலையில் நன்றாகக் கொதித்த கெட்டில், துரை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கெட்டுப்போய்விட்டதாகச் சொன்னார்கள். சேவியரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் மூலையில் குனிந்து ஸ்பானரோடு உட்கார்ந்திருந்தார். துரை உள்ளே வந்தார். பின்னாலேயே கிராணியும் வந்து, கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிப்பது போல வாசலில் நின்றார்.

"சொல்லுங்க அக்கா. ஓப்பனா சொல்லணும்."

ஓப்பனாகச் சொல்லச் சொல்லும் முதலாளியிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை நான் எப்போதோ கற்றுக்கொண்டேன். "தொர, நாலு நாளா அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று ஆரம்பித்தேன். குரலில் பாடி இருக்கிறது என்றேன். பாட்டு வரிகள் பிரிஸ்க் என்றேன். சோலோவைக் கேட்டபோது நேரம் போனதே தெரியவில்லை என்றேன். துணி மடித்த விவரத்தைச் சொல்லவில்லை. துரையின் முகம் பூரித்தது. இன்னும் கொஞ்சம் புகழ்ந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவார் போல இருந்தது.

அப்போதுதான் என் விரல் துறுதுறுத்தது. எல்லாமே நன்று என்றால் நம்ப மாட்டாரே, ஒரு கப்பைத் தள்ள வேண்டுமே. கிராணியைத் தள்ள முடியாது, எதிரிலேயே நிற்கிறார், வருகைப் பதிவு அவர் கையில். மிச்சம் இருப்பது ட்ரம்.

"ஒண்ணே ஒண்ணுதான் தொர. யாரு அந்த ட்ரம்காரன்? ட்ரையர் போல்ட்ட ஸ்பானரால தட்டுற மாதிரி தட்டுறான். அடி ஒவ்வொண்ணும் லேட்டு. பாட்டு முன்னால போயிருது, இவன் பின்னால செருப்பத் தேடிக்கிட்டு வாறான். அவன மட்டும் தூக்கிட்டு வேற ஆளப் போட்டீங்கன்னா ஆல்பம் எங்கயோ போயிரும்."

கிராணி கைப்பேசியைக் கீழே இறக்கினார். துரை என்னைப் பார்க்காமல் மூலையைப் பார்த்தார்.

"அக்கா... ட்ரம் நம்ம சேவியர் அண்ணேதான்."

சேவியர் எழுந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. "அத விடுங்க தொர. கெட்டில் சரியாப் போச்சு" என்றார். கெட்டில் கெடவே இல்லை. நான் பாராட்டி முடித்ததும் ஆளைக் காட்டி என்னை அசத்த வேண்டும் என்று மூவரும் சேர்ந்து போட்ட திட்டம் அது. கிராணி அதைப் படம் பிடிக்க வந்தவர்.

அந்தச் சிவந்த காதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வாபஸ் வாங்கிவிடலாம் என்று பார்த்தால், அதில் ஒரு சங்கடம் இருந்தது. அவ்வளவு நேரம் நான் பேசியதில் உண்மையாக இருந்தது அந்த ட்ரம் விஷயம் ஒன்றுதான். மனிதர் நிஜமாகவே லேட். அதை வாபஸ் வாங்கினால் முழுப் பொய்க்காரி ஆவேன். அதை மட்டும் விட்டுவைத்தால், எட்டுப் பாட்டில் இருந்த குறையெல்லாம் என் வீட்டுக்காரர் தலையில்தான் போய் நிற்கும். ஈப்போவின் பதினோராவது மாடி என் கண் முன்னால் வந்தது. வந்தால் வரட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"தொர, இவரு லேட்டுதான். அது உண்ம. மத்தது எல்லாம்தான் பொய்."

"என்னக்கா சொல்றீங்க?"

"ஒங்க கித்தார் யாருக்கும் வழி விடல தொர. சனிக்கிழம கியா பார்ம் ரோட்டு டிராஃபிக் ஜேம் மாதிரி நட்டநடுவுல நிக்குது. மூணாவது பாட்டு சோலோக்குள்ள நான் சோறே ஆக்கிட்டேன். பேபிய கொறைங்க. இந்த ஆல்பத்துல மத்தவங்க என்ன வாசிக்கிறாங்கன்னு காது குடுத்துக் கேட்டு வாசிச்சது இவரு ஒருத்தருதான். கேட்டுட்டு அடிக்கிறதால லேட்டாகுது. நீங்க யாரும் கேக்கவே இல்ல, அதான் நீங்க லேட்டே ஆகல."

கிராணி மெல்ல வெளியே நழுவினார். கீபோர்டைப் பற்றி நான் ஆரம்பிப்பதற்குள் போய்விட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

துரை மேஜையைப் பார்த்தார். "அப்ப இவ்ளோ வருசமா இந்த கப்ப பத்தி நீங்க சொன்னது?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. "தேயிலைகிட்ட நான் என்னைக்கும் பயந்து பேசுனதில்ல தொர. தேயிலையா எனக்குக் கையெழுத்து போடப்போகுது?" என்றேன்.

துரை பென் டிரைவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

6. வீட்டுக்கு நடந்தது

ஃபேக்டரியிலிருந்து லைனுக்கு ஏற்றம். நான் எப்போதும் விறுவிறு என்று முன்னால் போய்விடுவேன், அவர் பின்னால் வருவார். அன்றும் அப்படித்தான் போனோம்.

"சர்ச் கூரை எப்படியிருக்கு?" என்றேன்.

"ஒழுகல" என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் அவரே பேசினார். "பழைய ஸ்டோர்லதான் வாசிச்சுப் பழகுனோம். ஆனுவல் டின்னர்ல ஒனக்குக் காட்டணும்னு தொரகிட்ட நான்தான் சொன்னேன், அவருதான் பொறுக்க முடியாம இன்னைக்கே சொல்லிரலாம்னாரு. கல்யாணம் ஆனதுலேருந்து நீ அந்த எரைச்சல்ல அப்படி என்னதான் கேக்குறேன்னு எனக்கு வெளங்கவே இல்ல. ஒருவாட்டி உள்ள போய் பாக்கலாம்னு தோணுச்சு."

இந்த மனிதரைப் பற்றியா செருப்பு, போல்ட் என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன்! "என்ன வெளங்குச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

"கை வலிக்குது. அவ்ளோதான்."

"நெசமாத்தான் லேட்டு அடிக்கிறீங்க."

"முன்னாடி போறவ பின்னாடியே நடந்து பழகிருச்சு புள்ள. ஒன்னைய முந்துனா திட்டுவ." சற்று நிறுத்தி, "ஆனா செருப்பெல்லாம் தேடல" என்றார்.

நான் நின்றேன். அவர் வந்து சேர்ந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக நடந்தோம். ஈப்போவில் பால்கனிக்கு என்ன தொட்டி வாங்கலாம் என்று பேசிக்கொண்டே வீடு வந்தோம். விளையாட்டாகப் பேசினோமே ஒழிய, இரண்டு பேருக்குமே உள்ளே பதைப்புதான்.

7. பிள்ளைகளுக்கு

திங்கட்கிழமை துரை வந்தார். கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கொடுத்தார். அதன்மேல் மறுபடியும் ஒரு பென் டிரைவ்.

"ரெண்டு வருசம் கேட்டிருந்தீங்க. ஒரு வருசம் போட்டிருக்கேன். மூணாவது பாட்டுல சோலோவ பாதியா வெட்டிட்டேன், கேட்டுட்டுச் சொல்லுங்க. அடுத்த வருசத்த அப்புறம் பாக்கலாம்."

"சேவியர்?"

"அண்ணே இல்லாம முடியாது லா. அவரு ஒருத்தருதான் நான் பாடுறத கேக்குறாரு."

ஆக, என் வீட்டின் ஆயுள் துரையின் அடுத்த ஆல்பம் வரை. கம்பெனி வேலைக்கு இதைவிட உறுதியான உத்தரவாதம் நான் பார்த்ததில்லை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: மேலதிகாரியின் பாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்லும் முன், கூட வாசித்தவர்கள் யார் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, உங்கள் வீட்டில் யாராவது மூன்று மாதமாகக் கூரை வேலைக்குப் போகிறார்களா என்று பாருங்கள்.

ஆனுவல் டின்னர் டவுனில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. எனக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். துரை பாடினார், பேபி குறைந்திருந்தது. சேவியர் வெள்ளைச் சட்டையில், பின்னால், ட்ரம்முக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ட்ரையர் பழுது பார்க்கும்போது இருக்கும் அதே முகம். முதல் அடியே லேட். இரண்டாவது பாட்டில் ஹால் முழுக்கத் தாளத்துக்குக் கை தட்ட ஆரம்பித்தது. அத்தனை பேரும் துரையின் கித்தாரோடு சரியாகத் தட்டினார்கள்.

நான் சேவியரைப் பார்த்து, ஒவ்வொரு தட்டையும் கொஞ்சம் லேட்டாகவே தட்டினேன்.